புதுப்பிப்பு: பேருந்தில் வரும் பிள்ளைகளின் காலை உணவு

பேருந்து தாமதமாவதால் எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியில் ஏழெட்டுப் பிள்ளைகள் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தரும் உணவைத் தவறவிடுகிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம், தீர்ந்துவிட்டது! சமைக்கும் அக்கா மகளிர் குழுவைச் சேர்ந்தவர்; அவர் மகளும் அங்கேதான் மூன்றாவது படிக்கிறாள். "முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனே" என்று வருத்தப்பட்டார். இப்போது பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கென்று தனித் தூக்குச்சட்டியில் மூடி வைக்கிறார். புதன்கிழமை பொங்கலும் சாம்பாரும் சூடாகவே கிடைக்கின்றன.

அப்புறம், ஆறாம் வகுப்புக்கும் காலை உணவு உண்டா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோதே ஒன்று முதல் ஐந்து வரை என்றுதான் வைத்தார்கள். மதியச் சத்துணவு பத்தாவது வரை உண்டு. ஆனால் என் அண்ணன் மகன் ஆறாவதுக்குப் போனதிலிருந்து வெறும் வயிற்றோடுதான் கிளம்புகிறான். அடுத்த கூட்டத்தில் இதற்கு மனு கொடுக்கிறோம்.