புதிய சாப்ட்வேர் கம்பெனிகளுக்கென்று தனிக் கணக்குப் பிரிவு: மதுரையில் எதிலிருந்து தொடங்குவது?

மாசிவீதி_ஆடிட்டர் (கேள்வி)

வணக்கம். கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரம், விளக்குத்தூண் ஜவுளி, கப்பலூர் சிட்கோ பட்டறை: அலுவலகத்துக்கு வரும் கணக்கெல்லாம் இந்த வகைதான். இப்போது வடபழஞ்சி, இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பூங்கா பக்கமிருந்து மூன்று சாப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். மூன்றும் பிரைவேட் லிமிடெட், ஆண்டுச் சந்தாவுக்கு மென்பொருள் விற்பவை. ஒன்று சீக்கிரமே முதலீடு வாங்கப் போகிறது. இதற்கென்றே தனிப் பிரிவு தொடங்க எண்ணம். கடைக் கணக்கிலிருந்து இது எங்கே மாறுகிறது? முதல் மாதம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்? ஆடிட்டையும் சேர்த்தே எடுக்கலாமா?

பைபாஸ்ரோடு

கடைசிக் கேள்விக்கு முதலில்: சேர்த்து எடுக்காதீர்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 144 படி, ஆடிட் செய்பவர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரக்கூடாது. நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. பார்ட்னர் பெயரில், வீட்டார் பெயரில் இன்னொரு போர்டு மாட்டினாலும் அதே கதைதான். கடை புரோப்ரைட்டர்ஷிப்பாக இருக்கும்வரை இந்தப் பிரிவு குறுக்கே வராது என்பதால் பலர் பழக்கதோஷத்தில் மாட்டுகிறார்கள். நீங்கள் தொடங்கும் தனிப் பிரிவுக்கு மாதக் கணக்குதான் உயிர்; ஆடிட்டை வேறொரு சி.ஏ.விடம் விடுங்கள்.

முதல் மாதம் கேட்க வேண்டியவற்றில், தொழில் தொடங்கும் அறிவிப்புப் படிவமான ஐ.என்.சி-20ஏ தான் தலை. கம்பெனி பதிவான 180 நாளுக்குள் அது போக வேண்டும். போகும்வரை தொழிலும் தொடங்கக்கூடாது, கடனும் வாங்கக்கூடாது. பங்குக்கு ஒப்புக்கொண்ட பணத்தை நிறுவனர்கள் வங்கியில் போட்டால்தான் அந்தப் படிவத்தைத் தாக்கல் செய்ய முடியும். ஒரு லட்சம் மூலதனம் என்று எழுதிவிட்டு ஒரு ரூபாய்கூடக் கட்டாத கம்பெனிகள் உண்டு. படிவம் போகாவிட்டால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், இயக்குநர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 தனி. அடுத்து ஆடிட்டர் நியமனத்துக்கான ஏ.டி.டி-1, கடன், டெபாசிட் விவரத்தோடு ஜூன் 30-க்குள் போக வேண்டிய டி.பி.டி-3, மாநகராட்சிக்கு அரையாண்டுத் தொழில்வரி. தொழில்வரியை ஐ.டி. பையன்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

மென்பொருள் விஷயத்தில், 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிக் கணக்கில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். டேலி என்றால் எடிட் லாக் (திருத்தப் பதிவு) உள்ள பதிப்பு, இல்லையேல் ஜோஹோ புக்ஸ். ஆடிட்டர் இதைத் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும் என்பதால், முந்தைய ஆள் எக்செல்லில் எழுதி மார்ச்சில் மொத்தமாக ஏற்றியிருந்தால் அங்கேயே குறிப்பு விழும்.

கட்டணத்தை மாதச் சம்பளம் போலப் பேசுங்கள். பழைய மாதங்களைச் சீர்செய்வது, முதலீட்டு வேலை, ஊழியர் பங்குத் திட்டம் இவற்றுக்குத் தனித்தனியாக. எல்லாவற்றையும் ஒரே தொகையில் அடக்கினால், முதலீடு வரும் மாதத்தில் மற்ற கணக்குகள் படுத்துவிடும்.

சந்தாக்கணக்கு

வித்தியாசம் எங்கே என்று கேட்டீர்கள். கடையில் பில் போட்டால் விற்பனை. இங்கே அப்படி இல்லை.

அக்டோபர் 1-ல் ஓராண்டுச் சந்தா 1,00,000, ஜி.எஸ்.டி. 18,000 என்று பில் போட்டால், மார்ச் 31 வரை வருமானம் 50,000 மட்டுமே. மீதி 50,000, இன்னும் சேவை தராமல் முன்கூட்டி வந்த பணமாகப் பொறுப்புப் பக்கம் நிற்க வேண்டும். ஆனால் ஜி.எஸ்.டி. 18,000-ஐ மாதத் தாக்கல் என்றால் நவம்பர் 20-க்குள் முழுதாகக் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் 2 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தால் முழு 2,000 ரூபாயும் இந்த ஆண்டு வருமான வரித் துறைப் பதிவில் வந்துவிடும். வருமானம் பாதிதான் காட்டியிருப்பதால் 1,000 ரூபாயை ரிட்டர்னில் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிக் காட்டுங்கள். முழுதும் எடுத்துக்கொண்டால் வருமானத்துக்கும் வரிப்பிடித்தத்துக்கும் பொருந்தாமல் நோட்டீஸ் வரும்.

இன்னொன்று, வெளிநாட்டு மென்பொருள் சந்தாக்கள். நிறுவனர் தன் சொந்த கார்டில், சொந்தப் பெயரில் 20 டாலர், 50 டாலர் என்று கட்டுவார். பில்லில் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண் இல்லாவிட்டால் விற்பவர் பொதுமக்கள் கணக்கில் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டுவிடுவார். நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் அதை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. எண்ணைக் கொடுத்துவிட்டால் அவர் வரி போட மாட்டார், ரிவர்ஸ் சார்ஜில் (வாங்குபவரே வரி கட்டும் முறை) நாம் கட்ட வேண்டும். கையில் இருக்கும் உள்ளீட்டு வரியில் கழிக்க முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். அதே மாதம் 3பி ஜி.எஸ்.டி. தாக்கலில் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாதம் 5-ம் தேதி கார்டு ஸ்டேட்மென்டை வாங்கி, டாலரில் கட்டிய பதிவுகளை மட்டும் தனியாக எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால், ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிப் பத்திரத்தை (எல்.யு.டி.) ஒவ்வொரு ஏப்ரலும் புதிதாகப் போட வேண்டும். போன வருடத்தது செல்லாது.

மாசிவீதி_ஆடிட்டர்

நன்றி சார். முதலீடு வாங்கப் போகும் கம்பெனியில் நிறுவனரின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து 10 லட்சம் போடுகிறாராம். "அவசரம், சம்பளம் போடணும், முதலில் பணம் வரட்டும், பேப்பர் பிறகு" என்கிறார். என்ன சொல்வது?

பைபாஸ்ரோடு

வரிசை மாறினால் பின்னால் சரிசெய்ய முடியாத வேலை இது. பணம் கடைசியில்தான் வர வேண்டும் என்று சொல்லுங்கள்.

அனுமதிக்கப்பட்ட மூலதனம் போதுமா என்று பாருங்கள், போதாதென்றால் அதைக் கூட்ட எஸ்.எச்-7 படிவம். பிறகு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, இயக்குநர் குழுவின் ஒப்புதல், பங்குதாரர் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம், அந்தத் தீர்மானத்தைத் தாக்கல் செய்யும் எம்.ஜி.டி-14. அது தாக்கலான பிறகே பங்கு வாங்க அழைக்கும் பி.ஏ.எஸ்-4 கடிதம் கொடுக்கலாம். பணம் தனி வங்கிக் கணக்குக்கு, பங்கு வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்து வர வேண்டும். மனைவி பெயரில் பங்கு, கணவர் கணக்கிலிருந்து பணம் என்பது நடக்காது. வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கி, ஒதுக்கிய 15 நாளுக்குள் ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் பி.ஏ.எஸ்-3 படிவம். அது போகும்வரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாய் எடுக்கக்கூடாது, சம்பளமும் கூடாது. 60 நாள் தாண்டினால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும், தவறினால் 12 சதவீத வட்டி.

மச்சானிடம் இரண்டு கேள்வி. அவர் இந்தியக் குடிமகனா, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டா? லாபத்தையும் முதலையும் வெளிநாட்டுக்கே எடுத்துப்போகும் உரிமை வேண்டுமா? என்.ஆர்.ஐ. அல்லது ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளி அட்டைதாரர்) என்றிருந்து, அந்த உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, வெளிநாட்டில் வசிப்போருக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்து போட்டால் உள்நாட்டு முதலீடு போலவே, ரிசர்வ் வங்கிக்குப் போகும் எப்.சி.-ஜி.பி.ஆர். அறிக்கை வேண்டியதில்லை. உரிமை வேண்டுமென்றால் ஒதுக்கிய 30 நாளுக்குள் எப்.சி.-ஜி.பி.ஆர்., ஆண்டுதோறும் ஜூலை 15-க்குள் எப்.எல்.ஏ. என்ற வெளிநாட்டு முதலீட்டு ஆண்டறிக்கை. இந்த முடிவு பணம் அனுப்பும் முன்பே எழுத்தில் இருக்கட்டும்.

"சரி, கைமாத்தாக வாங்கிக்கிறோம்" என்பார் அடுத்து. அதுவும் ஆகாது. தனிநபர் கடனில், இயக்குநரும் அவருடைய உறவினரும் தருவதுதான் கம்பெனிச் சட்டம் கட்டுப்படுத்தும் டெபாசிட் ஆகாமல் தப்பும், அதுவும் கடன் வாங்கித் தரவில்லை என்ற எழுத்து உறுதியோடு. சட்டத்தின் உறவினர் பட்டியலில் கணவன் மனைவி, அப்பா அம்மா, மகன் மருமகள், மகள் மருமகன், கூடப்பிறந்தவர்கள் உண்டு. மச்சான் கிடையாது. நம்ம ஊரில் தட்டு தூக்கி முன்னால் வரும் தாய்மாமனும் கிடையாது. போதாததற்கு வெளிநாட்டிலிருந்து வரும் கடனுக்கு பெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிகள் வேறு. இந்த மாதச் சம்பளம்தான் அவசரம் என்றால் நிறுவனரே தன் சேமிப்பிலிருந்து போட்டு, அந்த உறுதிக் கடிதத்தை அன்றைக்கே கையெழுத்திட்டு வைக்கட்டும்.