பறக்கும் ரயில்ல டிக்கெட் 5 ரூபாய்தான், அப்புறம் ஏன் சீட்டு காலியா கிடக்கு?

வேளச்சேரிவாசி:
நேத்து ஒருத்தர் "டிக்கெட் விலையைக் குறைச்சாப் போதும், சென்னைக்காரன் பைக்கை வீட்லயே விட்டுட்டு வந்துடுவான்"னு போட்டிருந்தார், எல்லாரும் ஆமா ஆமான்னு தலையாட்டியிருக்கீங்க. பாத்ததும் பத்திக்கிட்டு வந்துச்சு. பாலத்து மேல ஓடுற நம்ம சென்னை பறக்கும் ரயில்ல குறைஞ்சபட்ச டிக்கெட் 5 ரூபாய்ங்க. ஒரு டீ கூட கிடைக்காது. 1995ல பீச்-சேப்பாக்கம், 1997ல மயிலாப்பூர், 2007ல வேளச்சேரின்னு வந்து சேந்துச்சு, இன்னிக்கும் மத்தியானம் ஏறினா காலை நீட்டி உக்காரலாம். விலைதான் காரணம்னா இங்க கூட்டம் அள்ளணுமே? வேளச்சேரி ஸ்டேஷன்ல இறங்கி பஸ் பிடிக்க விஜயநகர் பஸ் ஸ்டாண்டுக்கு 15 நிமிஷம் நடக்கணும், அதான் காரணம்.

பெரம்பூர்பையன்:
15 நிமிஷமா? அண்ணே நான் 8 நிமிஷத்துல போவேன். சும்மா அடிச்சு விடாதீங்க.

அம்பத்தூர்கலா:
விலை பெருசில்லன்னு சொல்றது பூரா ஆம்பளைங்களாவே இருக்கீங்களே, அது எப்படி? 2021 மே மாசம் சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு இலவசம்னு வந்துச்சு. எங்க ஸ்டாப்ல வந்து பாருங்க, காசு கொடுத்துப் போற டீலக்ஸ் பஸ் காலியா போனாலும் ஏறாம, இலவசமா போற பிங்க் பஸ் வர்ற வரைக்கும் நிக்கிறோம். நான் துணிக்கடையில வேலை பாக்குறேன், பஸ்ஸுக்குப் போன காசு இப்ப பொண்ணு டியூஷனுக்குப் போகுது. இது விலை இல்லாம வேற என்ன சார்?

வேளச்சேரிவாசி:
கலாக்கா, நீங்க நிக்கிறீங்கன்னா ஸ்டாப் உங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கு, அதான் நிக்க முடியுது. அந்த ஸ்டாப் 15 நிமிஷ நடையில இருந்தா ஷேர் ஆட்டோவுல போயிருப்பீங்க. தம்பி பெரம்பூர், 8 நிமிஷம்னா அது ஓட்டம், நடை இல்ல. கைல குழந்தை, தோள்ல பை, அப்படி நடந்து பாருங்க.

கணக்குப்பிள்ளை:
ஒரு நிமிஷம், பயணின்னா என்ன கணக்கு வச்சிருக்கீங்க? ஒருத்தர் ரெண்டு பஸ் மாறினா ரெண்டு பயணியா ஒருத்தரா? அதை முடிவு பண்ணாம பேசினா எப்படி?

பெரம்பூர்பையன்:
அதை விடுங்க சார். 8 நிமிஷம், மறுபடியும் சொல்றேன். 2018 ஜனவரியில பஸ்ல 3 ரூபாய் டிக்கெட்டை 5 ஆக்கினப்போ காலேஜ் பசங்க ரோட்டுல உக்காந்தது நடைதூரத்துக்காகவா?

வேளச்சேரிவாசி:
விலை ஏத்தினா ஜனம் ஓடும், அதை யாரு இல்லன்னா? குறைச்சா மட்டும் வந்துடாதுன்னுதான் சொல்றேன். மெட்ரோவுல 70 ரூபாயா இருந்த அதிகபட்ச டிக்கெட்டை 2021 பிப்ரவரியில 50 ஆக்கினாங்க. அதுக்கப்புறம் 2023ல வருஷத்துக்கு 9 கோடிப் பேர் சொச்சம், 2024ல பத்தரைக் கோடி. இந்த ஒரு வருஷத்துல யாரு விலையைக் குறைச்சா? அஞ்சு பத்து நிமிஷத்துல வண்டி வருதுன்னு நம்பிக்கை வந்துச்சு, ஆள் வந்தான். இந்தப் பக்கம் பறக்கும் ரயில்ல 2023 ஆகஸ்ட்ல நாலாவது தண்டவாளம் போடுற வேலைன்னு பீச்-சிந்தாதிரிப்பேட்டையை நிறுத்தி, ஏழு மாசம்னு சொல்லி 2024 அக்டோபர்லதான் திறந்தாங்க. அந்த 14 மாசம் பைக் வாங்கினவன் 5 ரூபாய்க்காகத் திரும்பி வருவானா? வேளச்சேரியில இருந்து பரங்கிமலை வரைக்கும் இதே ரயிலை நீட்டுற வேலை வெறும் 5 கிலோமீட்டர், நிலப் பிரச்சனையில எத்தனை வருஷம் அந்தரத்துல நின்னுச்சு! அது அப்பவே ஓடியிருந்தா மெட்ரோவும் மின்சார ரயிலும் ஒரே எடத்துல கிடைச்சிருக்கும், இந்த 15 நிமிஷப் பேச்சே வந்திருக்காது.

தாம்பரம்பாஸ்:
மெட்ரோவுல கியூஆர் டிக்கெட்டுக்கு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தாங்களே, அது விலை இல்லையா? வசதியா மறந்துட்டீங்க. கிளாம்பாக்கம் வெளியூர் பஸ் ஸ்டாண்ட் பத்திப் பேசினப்பவும் இப்படித்தான் வேணும்கிறதை மட்டும் எடுத்துப் பேசினீங்க.

வேளச்சேரிவாசி:
கிளாம்பாக்கமா? நல்லா ஞாபகப்படுத்தினீங்க. 2023 டிசம்பர் கடைசியில திறந்தப்போ பக்கத்துல ரயில்வே ஸ்டேஷன் இல்ல, மக்கள் திண்டாடுவாங்கன்னு நான் கத்தினேன், நீங்கதான் "பழகிடும்"னீங்க. பழகிடுச்சா?

தாம்பரம்பாஸ்:
நான் "கொஞ்ச நாள்ல சரியாகும்"னுதான் சொன்னேன். வார்த்தையை மாத்தாதீங்க.

அம்பத்தூர்கலா:
ரெண்டு பேரும் கிளாம்பாக்கத்துல சண்டை போடுங்க. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரே ஸ்டாப்தான், நடக்க வேண்டிய தூரமும் ஒண்ணுதான். நான் பஸ்ல போறேன், அவர் பைக்ல போறார். எனக்கு இலவசம், அவருக்கு டிக்கெட். நடைதான் காரணம்னா ரெண்டு பேருமே பைக்லதானே போகணும்?

வேளச்சேரிவாசி:
அக்கா, அவருக்கு பைக் இருக்கு, உங்களுக்கு இல்ல. அதைச் சொல்லலியே நீங்க.

அம்பத்தூர்கலா:
எனக்கும் ஸ்கூட்டி இருக்கு சார். பெட்ரோல் போடக் காசில்லாமதான் நிக்குது.

பெரம்பூர்பையன்:
இதுக்குப் பதில் சொல்லுங்கண்ணே. அப்புறம் அந்த 8 நிமிஷம்.

வேளச்சேரிவாசி:
15. சிக்னல்ல ரோடு கிராஸ் பண்ண நிக்கிற நேரத்தை நீங்க கணக்குல சேக்கவே இல்ல.