விடுதி மாடியில் ஒரு வாசகர் வட்டம்

கல்லூரியில் பகுத்தறிவு, மதச்சார்பின்மை என்று குழு வைத்து நடத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு முன்னால் எழுதியவர்கள் பெரும்பாலும் நிர்வாகத்தோடு மோதிய கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். என்னிடமும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் இத்தனை வருடம் கழித்தும் என்னை விடாமல் இருப்பது வேறு ஒன்று.

2015 ஆகஸ்டில் கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். அந்த மே மாதம்தான் ஐஐடி மெட்ராஸில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்திருந்தார்கள். 2014-ல் தொடங்கிய சின்னக் குழு அது. யாரோ பெயர் போடாமல் எழுதிய புகார் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து ஐஐடிக்கு வந்து, அப்புறம் இந்த நடவடிக்கை. பல ஊர்களில் போராட்டம் நடந்தது, ஜூனில் அங்கீகாரத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். கவுன்சலிங்குக்குக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்த எனக்கு, மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து அம்பேத்கரையும் பெரியாரையும் படிப்பார்கள் என்பதே அந்தச் செய்தியால்தான் தெரிந்தது.

இரண்டாவது செமஸ்டரில் ஆறு பேர் சேர்ந்து எங்களுக்கென்று ஒரு வாசகர் வட்டம் தொடங்கினோம். சனிக்கிழமை சாயங்காலம், விடுதி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில். காந்திபுரம் பெரியார் படிப்பகத்துக்குப் போய் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ச் சிறு வெளியீடுகளை அள்ளிக்கொண்டு வருவோம். அங்கே பழக்கமான ஒரு பெரியவர்தான் கும்பகோணம் கதையைச் சொன்னார். 1943-ல் அங்கே அரசுக் கல்லூரி விடுதியில் பார்ப்பன மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்களுக்கு வேறு பானை. அதை எதிர்த்துக் கிளம்பிய மாணவர்கள் தொடங்கியதுதான் திராவிட மாணவர் கழகம். "நீங்க ஒண்ணும் புதுசா ஆரம்பிக்கல கண்ணு, விட்ட எடத்துல இருந்து தொடர்றீங்க" என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது ஒருவரும் பேசவில்லை. எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

நிர்வாகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்து 125 ஆண்டு. ஒரு வகுப்பறையும் ஒரு மணி நேரமும் கேட்டோம். தலைப்பில் அம்பேத்கர் பெயர் வேண்டாம், பெரியார் பெயர் வேண்டவே வேண்டாம், 'பர்சனாலிட்டி டெவலப்மென்ட்' என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். இதே கல்லூரியில் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு லேபிலும் பூசணிக்காய் உடைப்பார்கள், அதற்கு யாரும் மனு எழுத வேண்டியதில்லை. நாங்கள் மனுவில் அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு (எச்) உட்பிரிவை எழுதிக் கொடுத்தோம். அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ல் சேர்க்கப்பட்டது அது. அனுமதி வரவில்லை. வார்டன் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "மாடியில பேசிக்கங்க, போஸ்டர் ஒட்டாதீங்க" என்றார். அந்த மனிதர் தினமும் சந்தனம் வைப்பவர். கடைசி வரை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டதில்லை.

இனி அவனைப் பற்றி. பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். என் அறைத்தோழன், ஈ.சி.ஈ. படித்தான். எங்கள் ஆறு பேரில் அதிகம் படித்தவன் அவன்தான். எட்டாம் வகுப்பிலிருந்தே மனதுக்குள் இருந்த கேள்விகளை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அந்த மாடியில்தான் என்று ஒருநாள் சொன்னான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போவான். ஏன்டா போகிறாய் என்று கேட்டதற்கு, "போகலேன்னா சாயங்காலத்துக்குள்ள அத்தாவுக்குப் போன் போயிரும்" என்றான். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக்கைக் கொன்றார்கள். திராவிடர் விடுதலைக் கழகத் தோழர், 31 வயது. கடவுள் மறுப்பை வெளிப்படையாகப் பேசியவர், எழுதியவர். அவர் பிறந்த மதத்தைச் சேர்ந்தவர்களே கைதானார்கள். பகுத்தறிவு பேசியதற்காகக் கொல்லப்பட்ட தபோல்கர், பன்சாரே, கல்புர்கி பற்றியெல்லாம் நாங்கள் மாடியில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். புனே, கோலாப்பூர், தார்வாட் எல்லாம் பத்திரிகையில் வரும் ஊர்கள். இது நாங்கள் டவுன் பஸ்ஸில் போய்வரும் ஊர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அத்தா விடுதிக்கு வந்தார். மகனைக் கீழே டீ வாங்கிவர அனுப்பிவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தார். கோபமே இல்லை அவரிடம். "தம்பி, நீங்க என்ன வேணும்னாலும் பேசலாம். உங்கள யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. எம்புள்ளைய விட்டுருங்க" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், எதுவும் வரவில்லை. நான் கோயிலுக்குப் போகாமல் இருந்தால் என் அம்மா திட்டுவார், நான் தூங்கும்போது நெற்றியில் திருநீறு பூசுவார், அதோடு முடிந்தது. அவனுக்கு அப்படியா? தங்கச்சி நிக்காஹ், ஜமாஅத், சொந்தபந்தம், கடைசியில் மையவாடியில், அதாவது அடக்கம் செய்யும் இடத்தில், ஓர் இடம் வரைக்கும் ஒரே நூலில் கோத்திருக்கிறது. நானும் அவனும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும் அதற்கு நான் கொடுக்கிற விலையும் அவன் கொடுக்கிற விலையும் ஒன்றில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வட்டம் நடத்தி எனக்குத் தெரியாத இதை அவர் இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டுப் போனார்.

அவன் வருவதை நிறுத்தினான். ஒரே அறையில் இருந்துகொண்டு நாங்கள் அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

வட்டத்தை மூடிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மூடவில்லை, நடத்தும் விதத்தை மாற்றினோம். போட்டோ எடுப்பதை நிறுத்தினோம். வாட்ஸ்அப் குழுவைக் கலைத்தோம். 'நீ நம்புகிறாயா' என்று யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். வருகிறவர் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகலாம். அதுவரை எங்களுக்கு உறைக்காத இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஆண்கள் விடுதி மாடியில் கூடினால் பெண்கள் எப்படி வருவார்கள்? வகுப்பு முடிந்ததும் நாலரை மணிக்குக் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த கல் பெஞ்சுக்கு இடத்தை மாற்றினோம். மூன்று பெண்கள் வந்தார்கள். மாதவிலக்கு நாட்களில் விடுதிப் பூஜை அறைப் பக்கம் நடக்கக்கூட விடாத சீனியர்களிடம் தனியாக நின்று வாதாடியவர் ஒருவர். அவர் பேச ஆரம்பித்த பிறகு வட்டத்தின் பேச்சே மாறியது. புத்தகத்திலிருந்து கிளம்பிய பேச்சு, அவரவர் வீட்டிலிருந்து கிளம்ப ஆரம்பித்தது.

பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் சிவில் மாணவன் ஒருவனும் சேர்ந்தான். அசையாத விசுவாசி. அவன் ஊரில் ஜெபக்கூட்டம் நடந்த வீட்டில் கல் எறிந்திருக்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு நம்புகிறவனுக்கும் நம்பாதவனுக்கும் ஒரே மனச்சான்று உரிமையைத் தருகிறது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவன் அவன்தான். மதச்சார்பின்மை என்பது நாத்திகர்களின் சொத்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவனால் போனது.

2018 ஜூலை 27, நாங்கள் கடைசி வருடம். அன்றிரவு முழுச் சந்திர கிரகணம், இந்த நூற்றாண்டிலேயே நீளமானது. மெஸ்ஸில் ஏழு மணிக்கே சாப்பாட்டை முடித்து அடுப்பை அணைத்துவிட்டார்கள். நாங்கள் பன், வாழைப்பழம், கடலைமிட்டாய் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு பழைய மாடிக்குப் போனோம். மேகம் வந்து வந்து மறைத்தது. ஒரு மணிக்கு நிலா முழுக்கச் செம்பு நிறமாகி, பக்கத்தில் செவ்வாய் தெரிந்தபோது மாடிக் கதவு திறந்தது. அவன் நின்றான். ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு. "பன் இருக்காடா?" என்று கேட்டு உட்கார்ந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. பூமியின் நிழலில் நிலா ஏன் கறுக்காமல் சிவக்கிறது என்று ஒரு ஜூனியர் கேட்டதற்கு அவன்தான் பொறுமையாக விளக்கினான். பூமியின் காற்றுமண்டலம் நீல ஒளியைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை மட்டும் வளைத்து அனுப்புகிறது, அந்த நேரத்தில் பூமியில் நடக்கும் எல்லாச் சூரிய உதயமும் எல்லா அஸ்தமனமும் சேர்ந்து நிலா மேல் விழுகிறது என்றான்.

இப்போதும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிறான். அத்தாவோடு போகிறான். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணம். அந்தப் பாதையில் கோவையும் இருந்தது. ஜூனியர்கள் ஒரு மைதானத்தில் கண்ணாடியோடு எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் அக்கா மகனைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தான், ஆறு வயதுப் பையன். ஒன்பதரை மணி வாக்கில் வளையம் முழுசாகத் தெரிந்தபோது பையன் ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாமாவின் சட்டையை இழுத்து, "இப்ப சாப்பிடலாமா?" என்று கேட்டான். வீட்டில் யாரோ சாப்பிடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவன் பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, முதல் வாயைத் தான் சாப்பிட்டுவிட்டு, பையனிடம் நீட்டினான்.