கட் அடிக்கிற நாளைப் பாடசாலையே அறிவிச்சா என்ன?

டிக்கோயாக்காரன்:
இந்த மாசக் கடைசியில எங்க பழைய மாணவர் சங்கக் கூட்டம். அதுல ஒரு கோரிக்கை வைக்கப் போறேன். அதுக்கு முன்னாடி இங்க எல்லாரும் என்ன நினைக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

உயர்தரம், அதாவது ஏ லெவல், ரெண்டாம் வருஷப் பிள்ளைங்க பரீட்சைக்கு முந்தின படிப்பு லீவுக்குப் போறதுக்கு முன்னாடி, ஒரு நாள் மொத்த வகுப்பும் சேர்ந்து கட் அடிக்கிறது எங்க மலையக ஸ்கூல்ல ரொம்ப காலமா இருக்கு. ஒவ்வொரு பெட்ச்சும் அடுத்த பெட்ச்சுக்குக் கைமாத்தி விட்டுட்டுப் போகுது. அந்த நாளைப் பாடசாலையே ஒத்துக்கிட்டு வருஷ அட்டவணையில போடணும்னுதான் கேட்கப் போறேன்.

காரணம் இருக்கு. 2011ல எங்க பெட்ச் யாருக்கும் சொல்லாம ஆத்துக்குப் போச்சு. பாறையில வழுக்கி ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சிடுச்சு. அவனைத் தோள்ல போட்டு ரோட்டுக்குக் கொண்டு வர ஒன்றரை மணி நேரம். யூனிபோர்மோட நின்னதால முதல்ல வந்த ஆட்டோக்காரர் ஏத்தவே பயந்தார். வீட்டுக்கு என்ன சொல்றது, ஸ்கூலுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம ரோட்டோரத்துல நின்ன அந்த நேரம் இன்னும் எனக்குக் கனவுல வரும். கூட ஒரு சேர், அதாவது வாத்தியார் ஒருத்தர், வந்திருந்தா அது வெறும் கால் முறிவோட போயிருக்கும்.

ஊவா டீச்சர்:
தம்பி, உங்கள் கூட்டாளிக்கு நடந்தது எந்தப் பிள்ளைக்கும் நடக்கக் கூடாது. ஆனால் நீங்கள் கேட்பதற்கு நான் எதிர்.

பதினேழு வருடமாக ஒவ்வொரு காலையும் வரவு இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுகிறேன். சம்பளத்துக்கு மறுநாள் ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். திருவிழா முடிந்த வாரம் பாதி வகுப்பு காலி. மழைக்கு பஸ் மேலே ஏறவில்லை என்றால் தோட்டத்தின் ஒரு டிவிசன், அதாவது ஒரு பிரிவு, பிள்ளைகள் மொத்தமும் வருவதில்லை. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்டால், தம்பிக்குக் காய்ச்சல் என்று மூத்த பெண்பிள்ளை வீட்டில் நிற்கும். அந்தப் பிள்ளை கட் அடிக்கவில்லை. கட் அடிப்பதற்கு முதலில் ஒழுங்காக வருவது வழமையாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடம் அதற்கு வெளியே நின்றது. ஓர் அறை, ஒரு வாத்தியார், அஞ்சாம் வகுப்போடு முடிவு. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான். பள்ளிக்கூடம் போவது என்பதையே இவ்வளவு பிந்திப் பெற்றவர்கள் நாம். போகாமல் இருப்பதைப் பாரம்பரியம் என்று எழுதி வைக்க எனக்குக் கை வராது.

கண்டி ரோட்:
டீச்சர் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா ஒரு விஷயத்தை எல்லாரும் பார்த்தும் பார்க்காம விடுறோம். பிக் மேட்ச், ரெண்டு ஸ்கூல் வருஷா வருஷம் மோதுற கிரிக்கெட். ரோயல்–தோமியன் 1880ல இருந்து ஸ்கூல் பிள்ளைங்க விளையாடுற ஆட்டம். கண்டியில கிங்ஸ்வூட்–தர்மராஜ 1893ல தொடங்கினது. யாழ்ப்பாணத்துல சென்ட்ரலும் சென் ஜோன்ஸும் மோதுற வடக்கின் பெரும் போர் 1904ல இருந்து. அந்த நாள்ல பையன்கள் கொடியும் பேண்ட் வாத்தியமுமா ஊரைச் சுத்துறாங்க. பாதிப் பேர் அதுக்கு முந்தின நாளே வகுப்புல இருக்க மாட்டாங்க. அதைப் பத்தி யாரும் வலயக் கல்வி அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதறதில்ல. பத்திரிகை தனிப் பக்கமே போடுது.

எங்க பக்கம் தோட்டத்துப் பிள்ளை ஒரு நாள் நண்பர்களோட அருவிக்குப் போனா, மறுநாள் கூட்டத்துல நிறுத்தி அடி விழும். பெரிய ஸ்கூல்ல செஞ்சா பெருமை, சின்ன ஸ்கூல்ல செஞ்சா ஒழுக்கக்கேடு. இந்தப் பாகுபாடு எனக்கு ரொம்ப வலிக்குது.

ஊவா டீச்சர்:
அடிப்பதை நானும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பிக் மேட்ச் அன்று அந்தப் பிள்ளைகள் தங்கள் பாடசாலைக்காகத்தான் கூடுகிறார்கள். ஆசிரியர்கள் கூட நிற்கிறார்கள். நீங்கள் கேட்பது பாடசாலையை விட்டுப் போவதை.

பனிமூட்டம்:
பாடசாலை ஒத்துக்கிட்ட இடங்கள் உலகத்துல இல்லாம இல்ல. அமெரிக்காவுல ஹைஸ்கூல் கடைசி வருஷப் பிள்ளைங்க ஒரு நாள் கூட்டமா நின்னுடுவாங்க, அதுக்குப் பேரு சீனியர் ஸ்கிப் டே. பெரும்பாலான ஸ்கூல் அதை ஏத்துக்கிறதில்ல, வரலன்னுதான் பதிவாகும். ஆனா அங்கேயே மவுண்ட் ஹோலியோக்னு ஒரு மகளிர் கல்லூரி, 1838ல இருந்து ‘மலை நாள்’ கொண்டாடுது. இலையுதிர் காலத்துல நல்ல வெயில் அடிக்கிற ஒரு காலையில திடீர்னு மணி அடிக்கும். அன்னைக்கு வகுப்பு கிடையாது, எல்லாரும் மலையேறப் போகலாம். ஸ்மித் கல்லூரியிலயும் 1877ல இருந்து இது நடக்குது.

போலந்துல மார்ச் 21, வசந்தம் தொடங்குற நாள், கட் அடிக்கிறவங்க நாள்னே பேர் வாங்கிடுச்சு. பிள்ளைங்க எப்படியும் நிக்கப் போறாங்கன்னு பல ஸ்கூல் அன்னைக்குப் பாடத்தை விட்டுட்டு விளையாட்டு, ஊர்வலம்னு நடத்துது.

மலையே இல்லாத ஊர்க்காரங்க மலை நாள் கொண்டாடுறாங்கன்னா, மலை உச்சியில படிக்கிற நமக்கு ஒண்ணு இருக்கக் கூடாதா?

கண்டி ரோட்:
அந்தப் பக்கமும் மலை இருக்கு, விஷயம் அது இல்ல. அவங்க விடுதியில தங்கிப் படிக்கிறவங்க. மணி அடிச்சா உடனே கிளம்பலாம். நம்ம பிள்ளை ரெண்டு பஸ் மாறி வந்து சேரும். வந்த பிறகு மணி அடிச்சா எங்க போகும்? இங்க தேதியை முன்கூட்டியே சொல்லித்தான் ஆகணும்.

நோர்வூட் அப்பா:
நான் தேயிலை ஃபெக்டரியில வேலை. வீட்டுக்காரி மலையில கொழுந்து பறிக்கிறா. மூத்த மகள் இப்ப உயர்தரம் படிக்கிறா.

எங்களுக்கு வரவுன்னா என்னன்னு சொல்றேன். காலையில பிரட்டுக்கு, அதான் வேலை பிரிச்சுக் குடுக்கிற இடத்துக்கு, போகணும். பிந்தினா திருப்பி அனுப்புவாங்க. பறிச்ச கிலோ குறைஞ்சா அரைப்பேர், அரை நாள் கணக்குதான். செக்ரோல்ல, தோட்டத்து வரவுப் பதிவுல, பேர் விழலைன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல. 2026ல இருந்து நாளுக்கு 1,550 ரூபா, அதுக்கு மேல வேலைக்கு வந்தா அரசாங்கம் 200 ரூபா வரவுக்காகத் தருது. வந்தாத்தான் காசு. எங்க வாழ்க்கை முழுக்க இப்படித்தான்.

அந்தக் காசுலதான் அவளுக்குச் சப்பாத்து வாங்கினேன், சீசன் டிக்கெட் எடுத்தேன், ஹட்டன்ல டியூசனுக்கு விட்டேன். ஸ்கூலே ‘இன்னைக்கு வராதே’ன்னு சொன்னா நான் அவகிட்ட என்ன சொல்றது? உயர்தரம் எழுத 80 வீத வரவு வேணும்னு அதிபர்தான் கூட்டத்துல சொன்னார். 2025 கடைசியில வந்த டித்வா சூறாவளிக்கு எத்தனை நாள் ஸ்கூல் பூட்டிக் கிடந்துச்சு. அந்த வருஷப் பிள்ளைங்களுக்குப் பரீட்சையே நடுவுல நின்னு ஜனவரியிலதான் மிச்சத்தை எழுதினாங்க. இதுக்கு மேல இன்னொரு நாளைத் தூக்கிக் குடுக்கச் சொல்றீங்களா?

டிக்கோயாக்காரன்:
அண்ணே, உங்க வார்த்தைக்கு முன்னாடி எனக்குப் பேச்சு வரல. எங்க அம்மாவும் மலையிலதான் வேலை செஞ்சாங்க. ஆனா ஒண்ணு கேட்கிறேன். பேர் விழணும்னு ஓடுற அந்த ஓட்டம் பிள்ளைக்கும் அப்படியே வரணுமா? அவங்களாவது ஒரு நாள் யாரும் கணக்கெடுக்காம இருக்கட்டும்னு நினைக்கிறது தப்பா?

நோர்வூட் அப்பா:
தப்புன்னு சொல்லல தம்பி. அதுக்குப் பேர் லீவு. லீவு குடுங்க, வாங்கிக்கிறோம். கட் அடிக்கிறதுன்னு சொல்லாதீங்க.

ரெண்டாம் வருஷம்:
நான் இப்ப உயர்தரம் கலைப்பிரிவு. எங்களைப் பத்திப் பெரியவங்கதான் பேசுறீங்க, அதனால நானும் எழுதுறேன்.

ஸ்கூல்ல ஏற்கெனவே பாதிப் பேர் வர்றதில்ல. கட் அடிச்சு அருவிக்குப் போகல, டியூசனுக்குப் போறாங்க. ரெண்டாம் வருஷம் வந்ததும் வகுப்புல ஒரு நாள் பத்துப் பேர், இன்னொரு நாள் பதினாலு பேர். எல்லாரும் ஒண்ணா இருந்த கடைசி நாள் எதுன்னு கேட்டா எங்களுக்கே ஞாபகமில்ல.

அடுத்தது, அந்தக் கட் அடிக்கிற நாள்ல போறது யாருன்னு யாரும் கேட்கல. பையன்கள். போன பெட்ச்ல பொம்பளப் பிள்ளைங்க ஒருத்தர்கூடப் போகல. ஒளிச்சுப் போனது வீட்டுக்குத் தெரிஞ்சா எங்களுக்குப் படிப்பே நிக்கும். பையன்களுக்கு ரெண்டு ஏச்சு, அவ்வளவுதான். வேனுக்கும் சாப்பாட்டுக்கும் ஆளுக்கு 1,500 ரூபா சேர்த்தாங்க. அது குடுக்க ஏலாத பையன்களும் வீட்ல நின்னாங்க. அதனால இப்ப இருக்கிறது மொத்த வகுப்பும் போற நாள் இல்ல, அண்ணா. பதினொரு பேர் போற நாள்.

அதிபர் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தா எங்க அப்பா விடுவார். அதுக்காகத்தான் இது அதிகாரபூர்வமா வேணும்னு நான் சொல்றேன்.

டிக்கோயாக்காரன்:
தங்கச்சி, இதை நான் யோசிக்கவே இல்ல. 2011ல எங்களோட வந்தவங்களை இப்ப எண்ணிப் பார்க்கிறேன். எல்லாரும் பையன்கள்தான். இத்தனை வருஷமா ‘மொத்த பெட்ச்சும் போனோம்’னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.

மஸ்கெலியா 98:
எல்லாம் சரி, ஆனா கடிதம் குடுத்து, சேர்மாரை முன்னாடி விட்டு, வரிசையில போனா அது கல்விச் சுற்றுலா. அது ஏற்கெனவே இருக்கு. கட் அடிக்கிற நாள்ல பிள்ளைங்க தாங்களே முடிவெடுத்து, தாங்களே திட்டம் போட்டு, ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் குடுக்காம நிப்பாங்க. என் கூட்டாளிகள் யார் யார்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. பெரியவங்க கைக்குப் போனா அது செத்துடும். அதை விட்டுடுங்க.

பனிமூட்டம்:
அண்ணே, ரெண்டுக்கும் நடுவுல வழி இருக்கு. கலிபோர்னியாவுல கால்டெக்னு ஒரு பல்கலைக்கழகம். அங்க ‘டிச் டே’ன்னு ஒரு நாள். தேதி ரகசியம். கடைசி வருஷ மாணவங்க வளாகத்தை விட்டுப் போயிடுவாங்க. போறதுக்கு முன்னாடி தம்பி தங்கச்சிமாருக்குப் புதிரும் போட்டியும் தயாரிச்சு வச்சுட்டுப் போவாங்க. அன்னைக்கு முழுக்க அவங்க அதை அவிழ்ப்பாங்க. நிர்வாகம் வகுப்பை நிறுத்தி இடம் விடுது, ஆனா திட்டம் முழுக்கப் பிள்ளைங்களோடது. நம்ம ரெண்டாம் வருஷம் அப்படி முதலாம் வருஷத்துக்கு ஏதாவது விட்டுட்டுப் போகலாமே. அவங்களோட நோட்ஸ், பழைய வினாத்தாள்னு.

ரெண்டாம் வருஷம்:
நோட்ஸ் விட்டுட்டுப் போறது நல்லா இருக்கு. எங்க அக்காமார் யாரும் அப்படித் தரல.

ஊவா டீச்சர்:
மகள் எழுதியதை ராத்திரி இரண்டு தடவை வாசித்தேன். பெண்பிள்ளைகள் விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. அவள் சொல்வது சரி.

அப்படியென்றால் ஒழுங்காகச் செய்யுங்கள். இடாப்பில் அன்று எல்லோருக்கும் வரவு விழ வேண்டும். நோர்வூட் அண்ணன் சொன்னது போல வராத நாளாக அது பதிவாகக் கூடாது. ஒரு சதமும் பிள்ளைகளிடம் வாங்கக் கூடாது. பழைய மாணவர்கள் நீங்கள் வேனுக்குக் கொடுங்கள். வெளியே போவதென்றால் வலயத்தில் அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு நாளாகும், இப்போதே தொடங்குங்கள். பாடவேளை குறைந்தால் பதில் நாள் கேட்பார்கள். தீபாவளிக்கு மறுநாள் லீவு கொடுத்துவிட்டு ஒரு சனிக்கிழமை பாடசாலை வைப்பார்களே, அப்படி. அந்தச் சனிக்கிழமைக்கும் பிள்ளைகள் வருவோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

கண்டி ரோட்:
சிவனொளிபாதமலைக்குக் கூட்டிட்டுப் போகலாம்.

மஸ்கெலியா 98:
படிப்பு லீவு மே மாசம் தாண்டித்தான் வருது. சீசன் மே மாச வெசாக்கோட முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு படியில லைட் இல்ல, கடை இல்ல, எங்க பக்கம் அடை மழை. பிள்ளைகளை அங்க கொண்டு போகாதீங்க. ஊவாப் பக்கம் அந்த மாசங்கள்ல காய்ஞ்சு இருக்கும். ஹப்புத்தளைக்கு மேல தம்பேதன்ன தோட்டத்துல இருந்து லிப்டன் சீட்ங்கிற மலை உச்சி வரைக்கும் நடக்கலாம். வழி முழுக்கத் தோட்டம்தான்.

இடத்துப் பேரைச் சொன்னதுக்காக நான் ஒத்துக்கிட்டேன்னு எடுத்துக்காதீங்க. இன்னும் அந்த நாள் பிள்ளைங்க கையில இருக்கிறதுதான் நல்லதுன்னு நினைக்கிறேன்.

நோர்வூட் அப்பா:
வரவு விழும்னா, டீச்சர் ஒருத்தர் கூடப் போறார்னா, நான் கையெழுத்துப் போடுவேன். ஆனா பேரை மாத்துங்க தம்பி.

டிக்கோயாக்காரன்:
மாத்துறேன் அண்ணே. ‘உயர்தர வகுப்பு மலை நாள்’னு எழுதுறேன். டீச்சர் சொன்ன எல்லாத்தையும் சேர்த்துக்கிறேன்.

ரெண்டாம் வருஷம்:
இன்னும் ஒண்ணு சேர்க்க முடியுமா? எங்களோட சாதாரண தரம், உயர்தரத்துக்கு முந்தின பரீட்சை, எழுதின ரெண்டு பேர் உயர்தரத்துக்கு வரல. ஒருத்தி கொழும்புல ஒரு வீட்ல வேலைக்கு நிக்கிறா, மற்றவ கார்மென்ட்ஸ்ல. முதலாம் வகுப்புல இருந்து ஒரே மேசை. அவங்களையும் கூப்பிடலாமா?

ஊவா டீச்சர்:
கூப்பிட வேண்டும். ஆனால் இடாப்பில் பெயர் இல்லாத பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று உங்கள் அதிபர் முதல் கேள்வியாகக் கேட்பார். தம்பி, கூட்டத்துக்குப் போவதற்கு முன் அதற்குப் பதில் எழுதிக்கொண்டு போங்கள். லீவு எடுத்து வர அந்த இரண்டு பேருக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். அதையும் கணக்கில் வையுங்கள்.