வீட்டு சர்வரில் போட்டோ ஏறாமல் படுத்திய கதை: உங்களுக்கு என்ன நடந்தது?

ஈசூன்வாசி:
நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் பைல்களைச் சேமிக்கும் பெட்டி), இம்மிச் (அதில் ஓடும் போட்டோ ஆப்) எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். தைப்பூசத்துக்குத் தம்பி காவடி எடுத்தான். பெருமாள் கோயிலில் அலகு குத்தியதிலிருந்து டேங்க் ரோடு வரை என் போனில்தான் எடுத்தோம். படங்கள் ஏறிவிட்டன, குட்டி வீடியோக்களும் ஏறின. அலகு குத்தும் வீடியோ மட்டும் 413 (அனுப்பும் பைல் மிகப் பெரியது) என்று விழுந்துகொண்டே இருந்தது. சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தால் அதில் எதுவுமே இல்லை! எர்ரர் இல்லை, அப்படி ஒரு வீடியோ வர முயன்றதற்கான தடயமே இல்லை. அம்மா வேறு பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னுமாடா ஏறுது?” என்கிறார்.

வெளியிலிருந்து வீட்டு சர்வரைப் பார்க்க கிளவுட்ஃபிளேர் டனல் (அந்த நிறுவனத்தின் சர்வர் வழியே வரும் பாதை) போட்டிருந்தேன். அதன் இலவசத் திட்டத்தில் ஒரு அப்லோடுக்கு 100 எம்பிதான். 4கே, 30 பிரேமில் ஒரு நிமிடமே ஏறக்குறைய 170 எம்பி வரும். வீட்டு வைஃபையில் இருந்தும் ஆப் வெளி முகவரியையே பிடித்திருக்கிறது, டனல்காரன் பாதியிலேயே திருப்பிவிட்டான். வீட்டு வைஃபைக்குத் தனி முகவரி கொடுத்ததும் ஏறிவிட்டது. ஆனால் அந்த வெறும் லாக் இன்னும் உறுத்துகிறது.

தேக்கா கேமரா:
எனக்கு ஏறுவதில் சிக்கல் இல்லை, தேதியில்தான். தீபாவளிக்கு முதல் நாள் இரவு 9 மணிக்கு சிராங்கூன் ரோடு விளக்கு அலங்காரத்தைப் பழைய கேமராவில் எடுத்தேன். படங்கள் சரியான இடத்தில், வீடியோக்கள் மறுநாள் காலை 5 மணியில். “அஞ்சு மணிக்கே இவ்வளவு கூட்டமா?” என்று மனைவி கேட்டபோதுதான் கவனித்தேன்.

நைட்ஷிப்ட்:
தேக்கா, சர்வரை ஓட்டும் டாக்கரின் அமைப்பு பைலில் டிஇசட் (நேர மண்டலம்) வரியில் ஆசியா/சிங்கப்பூர் போடுங்கள், முடிந்தது. ஈசூன்வாசி, டனலே எதற்கு? டெயில்ஸ்கேல் (போனையும் வீட்டு சர்வரையும் இணைக்கும் விபிஎன் ஆப்) போட்டால் இந்த 100 எம்பி பேச்சே வராது.

என் கதை சின்னது. அம்மாவின் ஐபோனில் ‘ஆப்டிமைஸ்’ ஆன் ஆகியிருந்தது, அசல் படங்கள் ஐகிளவுடில். ஒவ்வொன்றையும் இறக்கி, பிறகு நாஸுக்கு ஏற்ற வேண்டும். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் போவேன், காலையில் வந்தால் பாதிகூட முடிந்திருக்காது. பின்னணியில் ஆப் எப்போது ஓடலாம் என்று ஐஓஎஸ்தான் முடிவு செய்யும், நாம் இல்லை.

பொதுவாக எல்லாருக்கும் சொல்கிறேன்: ரெய்டு போட்டு இரண்டு டிஸ்க்கில் ஒரே படங்களை வைத்தால் பேக்கப் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றாக அழியும். இம்மிச் தன் விவரங்களை வைக்கும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை நெட்வொர்க் ஷேரில் (நெட்வொர்க் வழியே திறக்கும் போல்டரில்) வைக்கவே வைக்காதீர்கள். படங்களை மட்டும் காப்பி எடுத்து டேட்டாபேஸை விட்டால் ஆல்பம், முகங்களுக்கு வைத்த பெயர் எல்லாம் போய்விடும். ஒரு காப்பி வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு வெளியே, அண்ணன் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கட்டும். அப்புறம், போனில் ‘இடம் காலி செய்’ பட்டனை அமுக்கும் முன் நாஸில் சில வீடியோக்களை ஓட்டிப் பாருங்கள்.

தேக்கா கேமரா:
அண்ணே, ரெய்டைப் பற்றி யார் கேட்டது? டிஇசட் ஏற்கெனவே போட்டுப் பார்த்தாயிற்று, அசையவில்லை. எம்பி4 வீடியோ பைலில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம், சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னே) இருக்க வேண்டும். என் கேமரா உள்ளூர் நேரத்தையே அங்கே எழுதிவிடுகிறது, சர்வர் அதை யூடிசி என்று நம்பி 8 மணி நேரம் கூட்டுகிறது. பைலே தப்பு, அதனால் எக்சிஃப்டூல் என்ற பைல் விவரம் திருத்தும் கருவியில் 8 மணி நேரம் குறைத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். போனில் எடுத்ததற்கு இதைச் செய்துவிடாதீர்கள், அது சரியாகவே எழுதும்.

ஈசூன்வாசி:
டெயில்ஸ்கேலை அம்மா போனில் யார் ஆன் செய்து வைப்பது, நீங்கள் வருவீர்களா?