உடையார்குடிக் கல்வெட்டு: உத்தம சோழர் மேல் பழி போடலாமா?

குடந்தைவாசி:

நேற்று ராத்திரி முழுக்க லண்டன் கோபுரக் கோட்டையில் காணாமல் போன இளவரசர்கள் கதையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1483 ஏப்ரலில் இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டு இறந்துபோகிறார். மூத்த மகனுக்கு 12 வயது, இளையவனுக்கு 9. பையன் வளரும்வரை ராஜ்ஜியத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சித்தப்பா ரிச்சர்டுக்கு வருகிறது. பையன்கள் கோட்டைக்குள் போகிறார்கள். ஜூலை 6 அன்று சித்தப்பாவே முடிசூட்டிக்கொள்கிறார். அந்தக் கோடைக்குப் பிறகு பையன்களைப் பார்த்தவர் யாருமில்லை. 1674ல் அதே கோட்டையில் ஒரு படிக்கட்டுக்கு அடியில் தோண்டும்போது இரண்டு சிறுவர்களின் எலும்புகள் கிடைத்தன. அவை அவர்களுடையவைதானா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

இதைப் படித்தால் நம் ஆதித்த கரிகாலர் நினைவு வராமல் இருக்குமா? சுந்தர சோழரின் மூத்த மகன், சேவூர்ப் போரில் வீரபாண்டியனை வென்றவர், பட்டத்துக்கு உரியவர். 969 வாக்கில் கொல்லப்படுகிறார். அடுத்து அரியணை யாருக்குப் போகிறது? தம்பி அருண்மொழிக்கு (பின்னாளில் ராஜராஜர்) இல்லை, சிற்றப்பன் முறையான உத்தம சோழருக்கு. அவர் 985 வரை ஆள்கிறார். அத்தனை வருஷத்தில் கொலையாளிகள் மேல் கை வைத்ததாக ஒரு கல்வெட்டுகூட இல்லை. ராஜராஜர் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டிலேயே அவர்கள் சொத்து போய்விட்டது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு அதற்குச் சாட்சி. நீலகண்ட சாஸ்திரியாரே தம் சோழர் வரலாற்றில் உத்தமர் மேல் சந்தேகப்பட்டார். கொலையால் ஆதாயம் அடைந்தவரை முதலில் விசாரிப்பதுதானே முறை?

திருவையாறு மாணவி:

அண்ணா, சாஸ்திரியாரைச் சொன்னீர்கள், சரி. அவரை மறுத்த சதாசிவ பண்டாரத்தாரையும் சொல்லியிருக்கலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருப்புறம்பியத்தில் பிறந்தவர்தானே அவர்!

திருவாலங்காட்டுச் செப்பேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். அது ராஜராஜரின் மகன் ராஜேந்திரர் காலத்தில் வெட்டியது. பாண்டியன் தலையை வெற்றித் தூண் போலத் தன் நகரில் நாட்டிவிட்டு, சொர்க்கத்தைக் காணும் ஆசையில் ஆதித்தர் மறைந்தார் என்கிறது. கொலை என்ற சொல்லே அதில் வரவில்லை. அதன் பிறகு, கலியின் இருளைப் போக்க வாருங்கள் என்று மக்கள் அருண்மொழியை அழைக்கிறார்கள். சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் விருப்பம் இருக்கும்வரை எனக்கு அது வேண்டாம் என்று அவர் மனத்தாலும் நினைக்கவில்லையாம். உத்தமரும் அருண்மொழியையே இளவரசாக்குகிறார்.

பழி போட முழு அதிகாரமும் உள்ள குடும்பம் எழுதிய ஆவணம் இது. உத்தமர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது, யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. அப்படியும் பழி போடவில்லை. ரிச்சர்டு கதையில் நடந்தது நேர்மாறு. அவரை வென்று வந்த டியூடர் வம்சத்தின் காலத்தில் எழுதியவர்கள் அவரைக் கூனன், சூம்பிய கைக்காரன் என்றெல்லாம் வர்ணித்தார்கள். 2012ல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் அவர் எலும்புக்கூடே கிடைத்தது. முதுகெலும்பு வளைந்திருந்தது உண்மை. கையில் ஒரு குறையும் இல்லை.

மன்னைக்காரன்:

இரண்டு பேரும் சிற்றப்பனையே சுற்றி வருகிறீர்கள். கல்வெட்டில் இருக்கிற பெயர்களைப் படியுங்கள். சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். பஞ்சவன் என்றால் பாண்டியன். தங்கள் அரசன் தலையை வெட்டிக் கொண்டுபோனதற்குப் பாண்டிய நாட்டு ஆள்கள் பழி தீர்த்தார்கள். இதில் எனக்கு மர்மம் எதுவும் தெரியவில்லை.

குடந்தைவாசி:

பஞ்சவன் பட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இருமுடிச்சோழ பட்டத்தை விட்டுவிட்டால் எப்படி? பிரமாதிராஜன் என்பது அரசாங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்த பிராமணர்களுக்குக் கொடுத்த பட்டம். சோழன் பெயரோடு அது இருக்கிறது. மேலும் இவர்களுக்கு நிலம் இருந்தது மதுரைப் பக்கம் இல்லை, வீராணம் ஏரிக்கரையில், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்தில். முதலாம் பராந்தகர் பெயரில் ஏற்பட்ட பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர் அது. சோழ நாட்டுக்குள்ளேயே வேர் விட்ட குடும்பம். உள்ளே இருந்து யாரோ தைரியம் கொடுக்காமல் இளவரசன் மேல் கை வைப்பார்களா?

வீராணக்கரை:

தம்பிகளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் வணக்கம். நான் காட்டுமன்னார்கோயில்காரன். முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் எனக்கு நடந்துபோகும் தூரம்.

அங்கே ஒரு தடவை கல்வெட்டுப் படி எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுவரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்குகிறார்கள். பிறகு மை ஒற்றி எடுத்தால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும்புகிறது. வெறும் கண்ணுக்குச் சொறிக்கல் போலத் தெரிந்த இடத்தில் வரி வரியாக வாசகம். புள்ளி கிடையாது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை கிடையாது. அன்று அந்த அதிகாரி ஒவ்வொரு சொல்லாக வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் அது நான் தினமும் எழுதுகிற நடை. அந்தக் கல் ஒரு கிரயப் பத்திரம்.

எல்லாரும் அதைக் கொலை வழக்கின் தீர்ப்பு மாதிரிப் பேசுகிறீர்கள். 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' என்ற வரி அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கல் எதற்காக வெட்டப்பட்டது? அந்தத் துரோகிகளுடைய நிலத்தை ஊர்ச் சபையிடமிருந்து ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்கு விடுகிறார். அதைப் பதிந்துவைத்த கல் அது. பத்திரத்தில் தேதி என்றால் அது கிரயம் நடந்த தேதி. சொத்து விற்பவர் கைக்கு எப்படி வந்தது என்று நாங்கள் ஒரு பத்தி எழுதுவோமே, அந்தச் சங்கதி பத்து வருஷம், இருபது வருஷம் முந்தியதாகக்கூட இருக்கும். இந்தக் கல்லில் கொலையும் துரோகமும் வருவது அந்தப் பத்தியில்தான். ராஜகேசரியின் 2ஆம் ஆண்டு என்பது நிலம் கைமாறிய ஆண்டு (ராஜகேசரி, பரகேசரி என்பவை சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்கள்). அதை வைத்துக்கொண்டு, அதுவரை யாரும் எதுவும் செய்யவில்லை என்று ஒரு மனிதர் தலையில் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

குடந்தைவாசி:

ஐயா, நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஆனால் ஒன்று இடிக்கிறது. அந்தக் கல்லுக்குள்ளேயே அரசரின் ஸ்ரீமுகம், அதாவது சபைக்கு எழுதிய ஓலை, இருக்கிறது. இவர்கள் சொத்தை விற்றுக் கருவூலத்தில் சேருங்கள், மேற்பார்வைக்கு இரண்டு பேரை அனுப்புகிறோம் என்று வருகிறது. ஒருவர் கொட்டையூர்க்காரர், இன்னொருவர் புள்ளமங்கலத்துக்காரர். பழைய கதையைச் சொல்கிற பத்தியா அது? ஆள் அனுப்பி நடத்துகிற உத்தரவு. உத்தமர் பரகேசரி, ராஜராஜர்தான் ராஜகேசரி. 986-87 வாக்கில் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றால், அதற்கு முன் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

மாணவிக்கும் ஒன்று. வென்றவர்கள் பழி போடவில்லை என்பதை விடுதலைத் தீர்ப்பாக எடுக்க முடியாது. ரிச்சர்டை வென்ற ஏழாம் ஹென்றி 1485ல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த சட்டத்தில் குழந்தைகளின் ரத்தம் சிந்தியது என்று பொதுவாக ஒரு வார்த்தைதான் வரும். இரண்டு பையன்களின் பெயர் வராது. அடுத்த ஜனவரியில் அந்தப் பையன்களின் அக்கா எலிசபெத்தை ஹென்றி கல்யாணம் செய்கிறார். வீட்டு விஷயம் ஆகிவிட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும். இங்கேயும் அதே நிலைதான். உத்தமரின் தாய் செம்பியன் மாதேவியார் உயிரோடு இருக்கிறார். கோனேரிராஜபுரம், திருக்கோடிக்காவல் என்று கோயில் கோயிலாகக் கல்லால் கட்டிய அம்மை. ராஜராஜர் அவரைத் தெய்வமாக மதித்தவர். அவர் காதில் விழும்படி 'உங்கள் மகன்' என்று எழுதுவாரா?

திருவையாறு மாணவி:

ஹென்றியைக் கொண்டுவந்ததற்கு நன்றி, அதே ஹென்றியை வைத்தே பதில் சொல்கிறேன். ரிச்சர்டுக்கு வார்விக் பிரபு என்று ஒரு அண்ணன் மகன் இருந்தான். அரியணைக்கு உரிமை கோரக்கூடியவன். பத்து வயதில் அவனைக் கோபுரக் கோட்டையில் அடைத்தார் ஹென்றி. 1499ல் தலையை வெட்டினார். சந்தேகம் இருக்கிற குடும்பம் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

உத்தமரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் என்ன ஆனார்? ராஜராஜர் ஆட்சியில் கோயில்களின் கணக்கு வழக்கைப் பார்க்கும் அதிகாரியாக இருந்தார். அண்ணனைக் கொன்றவரின் பிள்ளை என்று மனத்தில் ஒரு முள் இருந்திருந்தால், கோயில் பண்டாரத்தை அவர் கையில் கொடுப்பாரா? எனக்கு இது செப்பேட்டு மௌனத்தைவிடப் பெரிய சாட்சி.

இன்னொன்று, சுந்தர சோழரை எல்லாரும் மறந்துவிடுகிறோம். மகன் இறந்த பிறகும் அவர் சிறிது காலம் இருந்தார் என்பதுதான் பெரும்பாலோர் கணக்கு. காஞ்சிப் பொன்மாளிகையில் அவர் கண்ணை மூடினார், வானவன்மாதேவி உடன்கட்டை ஏறினார். தாமதம்தான் குற்றம் என்றால் பெற்ற தகப்பனிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டிவரும். அவரை யாரும் கேட்பதில்லை.

மன்னைக்காரன்:

சொத்து போனது சரி, ஏன் ஒருவரையும் கொன்றதாக இல்லை? இளவரசனைக் கொன்றவர்களுக்கு வெறும் ஜப்திதானா?

திருவையாறு மாணவி:

அவர்கள் பிராமணர்கள். பிராமணனுக்கு மரண தண்டனை கூடாது என்பது தரும சாத்திர விதி. சொத்தைப் பிடுங்குவது, ஊரைவிட்டு விரட்டுவது போன்ற தண்டனைதான் அவர்களுக்கு.

வீராணக்கரை:

குடந்தைத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, அதை நான் சுற்றி வளைத்துக் கடக்க மாட்டேன். ஸ்ரீமுகம் ராஜராஜருடையதுதான், விற்பனை அவர் காலத்தில்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விற்பது வேறு, பறிமுதல் வேறு. ஜப்தியான நிலம் ஏலத்துக்கு வராமல் வருஷக்கணக்காகக் கிடந்ததை என் கண்ணாலேயே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

அந்த ஓலையில் யார் யார் சொத்து போகிறது என்று பாருங்கள். கொன்றவர்களோடு நிற்கவில்லை. அவர்கள் பிள்ளைகள், மனைவிமார், தாயோடு பிறந்த மாமன்மார், பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் என்று போகிறது. இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். எங்கோ ஒரு கிராமத்தில், எதுவும் தெரியாத ஒரு மாமனார், பெண்ணைக் கொடுத்த பாவத்துக்கு நிலத்தை இழந்து நின்றிருப்பார். அது கிடக்கட்டும். முதல் நாள் எழுதுகிற பட்டியலா இது? கொன்றவன் நிலத்தை முதலில் பிடிப்பார்கள். சம்பந்தி வீட்டு நிலம், மாமன் நிலம் எல்லாம் தேடித் தேடிக் கடைசியில் வரும். இது வேலையின் கடைசிக் கட்டம் என்று என் தொழில் புத்தி சொல்கிறது.

குடந்தைவாசி:

அது உங்கள் ஊகம் ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். நல்ல ஊகம், ஆனாலும் ஊகம். மதுராந்தகன் கண்டராதித்தன் விஷயம் எனக்குப் பலமாகப் படுகிறது, உத்தமர் கையாலேயே செய்தார் என்று இனி நான் எழுத மாட்டேன். கண்டும் காணாமல் இருந்தார் என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை. அது போக என்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். உத்தமர் ஆட்சியிலேயே அந்த நிலம் அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது என்று காட்டுங்கள், விட்டுவிடுகிறேன்.

வீராணக்கரை:

அப்படிக் கேளுங்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பத்திரத்தில் சக்குபந்தி எழுதுவோம் இல்லையா, கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் நிலம் என்று? சோழர் காலத்திலும் கீழ்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை என்று நான்கு பக்கமும் சொல்வார்கள். உத்தமர் காலத்தில், பரகேசரி ஆண்டு போட்டு, இந்தப் பக்கத்தில் யாராவது நிலம் விற்றோ தானம் செய்தோ வெட்டிய கல்லில் பக்கத்து நிலம் ரவிதாசன் நிலம் என்று வந்தால், அன்றுவரை அவன் சொத்தை அனுபவித்திருக்கிறான், நீங்கள் சொல்வது சரி. அதே நிலம் சபையின் பெயரில் வந்தால் நான் சொல்வது சரி.

திருவையாறு மாணவி:

ஐயா, அருமையான யோசனை. ஒரே ஒரு தடை: பிரமதேய ஊர்களில் நிலத்தை வதிக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்றுதான் பெரும்பாலும் குறிப்பார்கள் (வதி பாதை, கண்ணாறு சிறு வாய்க்கால், சதிரம் நிலத் துண்டு). பக்கத்து நிலக்காரர் பெயர் எப்போதும் வராது.

வீராணக்கரை:

எப்போதும் வராது அம்மா, சில இடத்தில் வரும். வராவிட்டாலும் வதியும் வாய்க்காலும் கண்ணாறும் ஒத்துப்போகிற நிலம் இரண்டு கல்லில் வந்தால் போதும், அது யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்று பிடித்துவிடலாம். அச்சில் வந்த வாசகங்களை நீ எடுத்து வை, ஆண்டுவாரியாக நான் அடுக்கித் தருகிறேன்.

குடந்தைவாசி:

நானும் வருகிறேன் ஐயா. எனக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு பஸ்தானே.

வீராணக்கரை:

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் வந்துவிடுங்கள். ஏழு மணிச் சாய்வெயிலில்தான் எழுத்து தெரியும், பத்து மணிக்கு மேல் வெறும் கல்தான். டார்ச் ஒன்று கொண்டுவாருங்கள், சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் விட்டுப்போன எழுத்தும் நிழல் கட்டும். காலைச் சாப்பாடு நம் வீட்டில்.