ப்ரோலாக்டின் 1,180

மூன்று மாதமாக எனக்கு பீரியட் வரவில்லை. கர்ப்பமும் இல்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் ஹார்மோன் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். வெயிலில் வேகமாக நடந்து போய், மூச்சு வாங்க உட்கார்ந்த உடனே ரத்தம் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ரிப்போர்ட்டில், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டின் 1,180. போனில் தேடினால், 25க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. படிக்கப் படிக்க, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்றே வந்தது. அம்மா கோர்ட்டுமலை பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டார். அன்றிரவு இரண்டு பேருமே தூங்கவில்லை.

என் அண்ணிக்கு உண்மையிலேயே அந்தக் கட்டி இருந்தது. பால் கசிவு, தலைவலி என்று அவதிப்பட்டு, எம்ஆர்ஐ எடுத்து, வாரம் இரண்டு முறை கேபர்கோலின் மாத்திரை சாப்பிட்டுத்தான் கட்டி சுருங்கியது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அண்ணி சொன்னார்: "முதலில் யூனிட்டைப் பாரும்மா. நீ படித்தது நானோகிராம் கணக்கு, உன் லேப் போட்டிருப்பது எம்ஐயு கணக்கு. 21ஆல் வகுத்துப் பார்."

வகுத்தால் 56. அதிகம்தான். ஆனாலும் எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் அண்ணியின் ஹார்மோன் டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" கேஸ்ட்ரிக்குக்காக நான்கு மாதமாக தினம் மூன்று வேளை டோம்பெரிடோன் விழுங்கிக்கொண்டிருந்தேன். அது ப்ரோலாக்டினை ஏற்றிவிடுமாம். ப்ரோலாக்டின் ஏறினால் கருமுட்டை வெளிவருவதும் தடைப்படும், பீரியடும் நிற்கும். முதலில் போன கிளினிக்கில் இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தைராய்டு மந்தமாக இருந்தாலும் ப்ரோலாக்டின் ஏறும் என்று டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனையும் பார்த்தார்கள். அது சரியாக இருந்தது. டோம்பெரிடோனை நிறுத்தச் சொல்லி, ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வேகமாக நடந்து வந்தாலும் பதற்றப்பட்டாலும்கூட ப்ரோலாக்டின் ஏறலாம் என்பதால், இந்த முறை காலையில், எழுந்து மூன்று மணி நேரம் ஆன பிறகு, அரை மணி நேரம் அமைதியாக உட்காரவைத்து எடுத்தார்கள். 340 வந்தது. 21ஆல் வகுத்தால் 16, அந்த 25க்குள்தான். (சில மனநல மாத்திரைகளும் இப்படி ப்ரோலாக்டினை ஏற்றும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.)

ஐந்து வாரத்தில் பீரியட் வந்தது. கருமுட்டை வளர்ச்சிக்கான எஃப்எஸ்எச், எல்எச் ஹார்மோன்கள் இரண்டையும் பீரியட் வந்த 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் பார்க்க வேண்டும் என்பதால் மூன்றாம் நாள் காலையே போனேன். சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம், வைட்டமின் உட்பட, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ரத்தம் எடுத்த அக்கா அதை வாங்கி ஃபைலில் சேர்த்துக்கொண்டார்.